பின்மூலை உத்தியோகம்

ராஃப்ட்டுக்கு எஞ்சின் கிடையாது. பிரேக் கிடையாது. ஸ்டியரிங் கிடையாது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதுகூட ஆட்கள் ஏறி உட்காருகிற வாகைப் பொறுத்ததுதான். 14 அடி நீளத்துக்குக் காற்றடைத்த ரப்பர், அதன் இரண்டு விளிம்பிலும் அன்று காலைவரை துடுப்பைத் தொட்டே பார்த்திராத ஆறு பேர், கீழே பனி உருகி வந்த கங்கை. இத்தனைக்கும் பொறுப்பேற்றுப் பின்மூலையில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனைக் கைடு என்கிறார்கள். அந்த உத்தியோகத்தைக் கற்றுக்கொள்ளத்தான் ரிஷிகேஷில் பணம் கட்டிச் சேர்ந்தேன்.

லட்சியம் எதுவும் கிடையாது. மனைவி தபோவனத்தில் 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருந்தாள். நான் துணைக்கு வந்தவன். அவள் மூச்சை இழுத்து விடுகிற நேரமெல்லாம் எனக்கு டீக்கடைதான். கடைக்கு எதிரே பத்ரிநாத் சாலையில் ஜீப்புகள் ராஃப்ட்டைத் தலைமேல் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு மேலே போகும். கொஞ்ச நேரம் கழித்து வெறுந்தலையோடு இறங்கி வரும். இதையே பார்த்துக்கொண்டு எத்தனை டீ குடிக்க முடியும்? ஒருநாள் எழுந்துபோய், கைடு பயிற்சி தருகிறோம் என்று பலகை வைத்திருந்த இடத்தில் விசாரித்தேன். நீச்சல் தெரியுமா என்றார்கள். தெரியும் என்றேன். நான் கற்றது கிணற்றில். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கங்கை நிற்காது என்பதை அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஊரிலிருந்து அம்மா போனில் ஒரே கேள்விதான் கேட்டாள்: "கங்கைக்குப் போனா மூணு முங்கு முங்கிட்டு வரணும். அதுல போய் படகு ஓட்டுவாங்களாடா?"

பயிற்சி தந்தவர் தேவப்பிரயாகைக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துக்காரர். என்னைவிட வயதில் சிறியவர். கட்வாலியில் அண்ணனைப் 'பைஜி' என்பார்கள். அங்கே எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். அவரோ, தெற்கிலிருந்து யார் வந்தாலும் வடக்கே கூப்பிடுகிற வழக்கப்படி, என்னை 'அண்ணா' என்றார். கடைசிவரை எங்கள் இருவரில் தம்பி யார் என்பது முடிவாகவில்லை. கூடப் பயின்ற மூன்று பேரும் ஆற்றோரத்துப் பையன்கள், மீசை இன்னும் சரியாக வளராதவர்கள். அவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. நான் 'அங்கிள்'.

முதல் பாடம் பம்ப். கங்கை, அலை, சாகசம் எல்லாம் பம்புக்கு அப்புறம்தான். ராஃப்ட்டின் விளிம்புக் குழாய் தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஒன்று கிழிந்தாலும் மற்றவை மிதக்கவைக்கும். நல்ல ஏற்பாடுதான், பம்ப் அடிக்கிறவனுக்குத்தான் அத்தனை அறையும் அத்தனை வேலை. காலையில் கல்லாக அடித்து வைத்தால் நடுப்பகல் வெயிலில் உள்ளே காற்று விரிந்து குழாய் புடைக்கும், கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். தண்ணீரில் தள்ளியதும் குளிரில் சுருங்கித் தொளதொளக்கும், மறுபடி அடிக்க வேண்டும். பைஜி உள்ளங்கையால் குழாயை ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இன்னும் இருபது" என்பார். நான் தட்டினாலும் சத்தம் வந்தது. அதிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவரவில்லை.

தரைப்பகுதி தனியே காற்றடைத்த மெத்தை. அதைச் சுற்றிலும் கயிறு கோத்து விளிம்போடு கட்டியிருப்பார்கள். அலை உள்ளே கொட்டுகிற தண்ணீர் அந்த இடைவெளி வழியே தானாக வெளியேறிவிடும். 1980களில் இந்த வகை பரவுவதற்கு முன்னால் பயணிகளே பக்கெட்டால் மொண்டு மொண்டு இறைத்துக்கொண்டிருந்தார்களாம். காசு கொடுத்து ஏறி, துடுப்பும் போட்டு, தண்ணீரும் இறைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள் தங்கமானவர்கள்.

ஆற்றில் இரண்டு விதமாகப் போகலாம். ஒன்று, நடுவில் சட்டம் கட்டி, இரண்டு நீளத் துடுப்புகளைக் கைடே வலிப்பது. பயணிகள் உட்கார்ந்து போட்டோ எடுப்பார்கள். இரண்டாவதில் பயணிகள்தான் எஞ்சின். கைடு பின்னாலிருந்து கட்டளை சொல்வான், தன் துடுப்பால் மூக்கைக் கொஞ்சம் திருப்புவான், அவ்வளவே. ரிஷிகேஷில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. எஞ்சின் தினமும் புதிது. சில எஞ்சின்களுக்குத் தலையில் கேமரா இருக்கும். சில எஞ்சின்கள் முந்தின நாள்தான் கல்யாணம் செய்துகொண்டிருக்கும்.

இந்தத் தொழிலின் மூலபுருஷர் என்று நான் கருதுவது ஜான் வெஸ்லி பவல் என்ற அமெரிக்கரை. உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். 1869இல் நான்கு மரப்படகுகளோடு கிளம்பி, கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யனைக் கடந்தார். 1871இல் மறுபடி போனபோது படகின் மேல்தட்டில் ஒரு கைவைத்த நாற்காலியைக் கட்டி, அதில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்து உத்தரவு போட்டார். துடுப்பு வலித்தவர்களோ வழக்கம்போல ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள், எதில் மோதப்போகிறோம் என்று தெரியாமல். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, வருவதைப் பார்த்தபடி வலிக்கலாமே என்ற வழக்கத்தைக் கொண்டுவர 1890களில் நதானியல் கேலவே என்ற வேட்டைக்காரர் வரவேண்டியிருந்தது. எனக்குப் பவலின் ஏற்பாடுதான் பிடித்திருந்தது. ஒருவர் பார்ப்பது, மற்றவர்கள் உழைப்பது.

கங்கையிலும் பெரிய ஆள் ஒருவர் வந்திருக்கிறார். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1977இல் வங்காள விரிகுடாவில் தொடங்கி, ஜெட் படகுகளில் ஆற்றை எதிர்த்தே ஏறி இந்த வழியாகப் போனார். நந்தப்பிரயாகைப் பக்கம் ஓர் அருவி மறித்த பிறகுதான் படகை விட்டார். பையன்கள் இதைச் சொல்லி என் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்கு எஞ்சின் இருந்தது என்றேன்.

கட்டளைகள் இரண்டு கை விரலுக்குள் அடங்கிவிடும். ஃபார்வர்டு, பேக், ஸ்டாப். லெஃப்ட் பேக் என்றால் இடப்பக்கத்தார் பின்னோக்கியும் வலப்பக்கத்தார் முன்னோக்கியும் வலிக்க, மூக்கு இடப்பக்கம் திரும்பும். ரைட் பேக் அதற்கு எதிர். கெட் டவுன் என்றால் விளிம்பிலிருந்து சறுக்கி உள்ளே குந்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. சொல்லும்போதுதான் வம்பு. நாம் வளர்ந்த விதம் அப்படி. யாரையும் எடுத்த எடுப்பில் ஏவிப் பழக்கமில்லை. 'அந்தப் பக்கம் இருக்கிறவங்க கொஞ்சம் பின்னாடி வலிச்சா நல்லா இருக்கும்' என்ற ரகத்தில் என் இந்தி வெளிப்படுவதற்குள், எந்தப் பாறைக்காக அதைச் சொல்ல ஆரம்பித்தேனோ அது எங்களுக்குப் பின்னால் போயிருக்கும், அல்லது எங்களுக்குக் கீழே இருக்கும்.

"அண்ணா, கதை வேண்டாம்" என்பார் பைஜி. "பாறை உட்கார்ந்து கேட்காது."

தண்ணீரைப் படிப்பது தனிக் கல்வி. இதில் அவர் அலுக்காமல் சொல்லிக்கொடுத்தார். ஆறு நுரைத்துப் பாய்கிற ஒவ்வொரு ரேபிட்டுக்கு மேலும் கரையில் ஒதுங்கி, ஒரு பாறைமேல் ஏற்றி நிறுத்தி, காட்டுவார். இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வழுவழுவென்று இறங்கி, கீழ்ப்பக்கமாகக் கூம்பினால் அது வழி. கூம்பின் முனை மேல்பக்கம் நம்மைப் பார்த்திருந்தால் அங்கே ஒரு பாறை முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. கண்ணாடியாக ஓர் இடம் மேடிட்டு, அதற்கப்பால் எதுவுமே தெரியவில்லை என்றால், அந்தப் பக்கம் தண்ணீர் குப்புற விழுந்து தனக்குள்ளேயே திரும்பிச் சுற்றுகிறது. அதை ஹோல் என்கிறார்கள். ஆளைப் பிடித்தால் சுலபத்தில் விடாது. புதிதாக வருகிறவர்கள் வெள்ளையாக நுரைத்து இரைகிற இடத்தைக் கண்டால்தான் மிரள்வார்கள். பைஜி மிரள்வது சத்தமில்லாத இடத்துக்கு. "பாறையில மோதின தண்ணி நுரைச்சுத் திரும்பி வருதா? நல்ல பாறை. மோதின அடையாளமே இல்லாம உள்ள போகுதா? அடியில குடைஞ்சிருக்கு. அந்தப் பக்கமே போகக் கூடாது." ஆபீசில் நான் பார்த்த சில மேலதிகாரிகள் அப்போது ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இவ்வளவும் படித்துப் பாறையை மனதில் குறித்துக்கொண்டு மாலையில் போனால் பாறையைக் காணோம். மேலே பாகீரதியில் டெஹ்ரி அணை இருக்கிறது. அலக்நந்தாவில் ஸ்ரீநகரில் மின்நிலையம் இருக்கிறது. இரண்டு ஆறும் தேவப்பிரயாகையில் கூடித்தான் கங்கை. மின்சாரம் எடுக்க நீர் விடுவதும் நிறுத்துவதுமாக ஒரே நாளில் மட்டம் ஏறும், இறங்கும். டெல்லியில் ஏசியைப் போட்டால் இங்கே பாறை முழுகும் என்று பையன்கள் சொல்வார்கள். காலையில் விலகிப் போகவேண்டிய பாறை மாலையில் ஏறிப் போகவேண்டிய அலையாகியிருக்கும். ஆகவே மனப்பாடம் உதவாது. நானோ படித்த காலம் முழுக்க மனப்பாடத்தை நம்பியே பாஸானவன்.

ரேபிட்களின் பெயர்களும் மனதைத் தயார் செய்ய உதவவில்லை. கௌடியாலாவுக்குக் கீழே 'தி வால்', 'பிளாக் மணி'. அப்புறம் 'த்ரீ பிளைண்ட் மைஸ்', 'கிராஸ்ஃபயர்'. ஷிவ்புரிக்குக் கீழே 'ரிட்டர்ன் டு செண்டர்', 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்', 'கிளப் ஹவுஸ்'. இந்தப் பக்கம் கரையில் சாமியார் கண்மூடி ஜபம் செய்துகொண்டிருப்பார், ஆற்றில் ஒருவன் "அடுத்தது பிளாக் மணி, எல்லாரும் ரெடியா இருங்க" என்று கத்திக்கொண்டு போவான். உலகத்தில் ரேபிட்களை ஒன்றிலிருந்து ஆறுவரை தரம் பிரிப்பார்கள். ஆறு என்றால் உயிர்மேல் ஆசை உள்ளவன் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடக்க வேண்டியது. இங்கே அதிகமும் இரண்டு, மூன்று. 'தி வால்' போன்ற சில நான்கு. என் தரத்தைப் பைஜி எந்த அளவுகோலிலும் சொல்லவில்லை.

அவர் ராஃப்ட் ஓட்டுவதைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்தத் தொழில்மேல் உண்மையான மரியாதை வந்தது. மனிதர் வேலையே செய்ய மாட்டார். 'ரோலர் கோஸ்ட'ருக்கு நல்ல தூரம் மேலேயே, எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, தன் துடுப்பை விளிம்புக் குழாயில் அண்டக் கொடுத்து ஒரு நெம்பு. மூக்கு லேசாகத் திரும்பும். "ஃபார்வர்டு." ஆட்கள் நாலு வலி வலிப்பார்கள். "ஸ்டாப்." அவ்வளவுதான். மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும். அலை தலைக்கு மேல் எழும்ப, பயணிகள் தாய்மொழியில் அலற, இவர் தொப்பிப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

என் முறை வந்தால் கதையே வேறு. ஃபார்வர்டு, இல்லை இல்லை ஸ்டாப், லெஃப்ட் பேக், ரைட் பேக், ஃபார்வர்டு, ஃபார்வர்டு, ஹார்டு ஃபார்வர்டு! ரேபிட் முடிவதற்குள் அகராதியே தீர்ந்துவிடும். ராத்திரி உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டு படுப்பேன்.

கணக்கு எளிமையானது. ராஃப்ட்டும் எட்டு ஆளும் சேர்ந்தால் அரை டன்னுக்கு மேல். அதைப் பாறைக்கு ஒரு கை தூரத்தில் திருப்ப யாராலும் ஆகாது. ஐம்பதடிக்கு முன்னால் என்றால் கால்வாசித் திருப்பம் போதும். கட்டளை வாயிலிருந்து கிளம்பி, காதில் விழுந்து, 'என்ன சொன்னார்?' என்று பக்கத்து ஆளைக் கேட்டு, கைக்கு வந்து, துடுப்பு தண்ணீரில் இறங்க ஆகிற நேரத்தையும் இதில் சேர்க்க வேண்டும். ஆகவே தேவையே இல்லாதபோது சொன்னால்தான் தேவையானபோது நடக்கும். தேவை வந்தபின் கத்துவதெல்லாம் வீண் சத்தம். என் இயல்பிலேயே ஊறிய சோம்பலை ஒழுங்காகவும் முன்கூட்டியும் செய்தால் அதற்குத் தொழில்திறமை என்று பெயர் என்பது எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. முன்கூட்டி என்ற இடத்தில்தான் இடித்தது. சோம்பேறிகள் பொதுவாகத் தாமதமானவர்கள்.

ஃபெரி என்று ஒரு வித்தை. ஆற்றை எதிர்த்து மூக்கைச் சாய்வாக வைத்து வலித்தால், ஓட்டமே தள்ளி நம்மை அக்கரைக்குக் கொண்டுபோய்விடும். சாய்வு அதிகமானால் ராஃப்ட் குறுக்கே விழுந்து கீழே அடித்துக்கொண்டு போகும். குறைந்தால் எவ்வளவு வலித்தாலும் அதே இடம். நான் குறைத்து வைப்பேன். மேகி விற்கிற பாறைக்கு நேரே, கடைக்காரர் அடுப்பை மூட்டியதிலிருந்து தட்டில் போட்டு நீட்டியதுவரை முழுதும் பார்க்கும்படி, நட்டாற்றில் நின்றிருக்கிறேன். மூன்று பையன்களும் மூச்சிரைக்க வலித்துக்கொண்டே, "அங்கிள், நமக்கும் ஒரு பிளேட் சொல்லுங்க" என்றார்கள்.

பாறைக்குப் பின்னால் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பிச் சுற்றும் ஒதுங்குமிடம் உண்டு. எடி என்பார்கள். வண்டிக்கு எப்படிப் பார்க்கிங்கோ, ராஃப்ட்டுக்கு இது. நுழைவதற்கு வேகம் வேண்டும், வெளியே வர அதைவிட வேகம் வேண்டும். வேகமில்லாமல் நுழைந்தவன் உள்ளேயே வலம்வந்து கொண்டிருக்கலாம். ஒரு மதியம் அப்படிச் சுற்றியபோது, எதிர்க்கரையில் ஒரு பாட்டி கும்பிட்டதாகப் பையன்கள் சத்தியம் செய்கிறார்கள். நான் பார்க்கவில்லை. நான் அப்போது வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லாத் திசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொழிலில் மனித சுபாவத்துக்கு நேர் எதிரானது ஹை சைடு. ராஃப்ட் குறுக்கே திரும்பிப் பாறையில் அணைந்துவிட்டால், எல்லாரும் பாறையைப் பார்த்துத் தாவ வேண்டும். ஆனால் கண்ணெதிரே பாறை வந்தால் எவனும் பின்னால்தான் சாய்வான். பின்னால் சாய்ந்தால் மேல்பக்க விளிம்பு தாழும், ஓட்டம் அதன்மேல் ஏறி அமுக்கும், ராஃப்ட் பாறையைச் சுற்றி அப்படியே போர்த்திக்கொள்ளும். அப்புறம் கயிறும் கப்பியும் போட்டு இழுத்தால்தான் வரும். "பாறையைக் கட்டிப் பிடிங்க, சம்பந்தி மாதிரி" என்று பைஜி சொல்லிக்கொடுப்பார். அவர் சம்பந்தி நல்லவராக இருக்க வேண்டும்.

கவிழ்த்துப் பழகும் நாள் வந்தது. அமைதியான மடுவில் ராஃப்ட்டை வேண்டுமென்றே கவிழ்த்து, நாமே நிமிர்த்த வேண்டும். கவிழ்ந்த ராஃப்ட்டின் முதுகில் ஏறி நின்று, பக்கக் கயிற்றில் ஒரு பட்டையை மாட்டி, அதைப் பிடித்தபடி பின்னால் சாய்ந்தால், ராஃப்ட் எழுந்து நம் தலைமேலேயே வந்து விழுந்து நிமிரும். பையன்கள் கண்ணிமைப்பதற்குள் செய்தார்கள். நான் சாய்ந்தேன். ராஃப்ட் பாதி எழுந்து, யோசித்து, மறுபடி படுத்துக்கொண்டது. பைஜி பட்டையில் இன்னும் தாழ்வாகப் பிடிக்கச் சொன்னார். இந்தத் தடவை வந்தது.

கங்கைத் தண்ணீர் முகத்தில் பட்டதும் மூச்சு தானாக 'ஹக்' என்று உள்ளே இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அப்படி இழுத்தால் வருவது காற்று அல்ல. ஆகவே விழும்போதே மூச்சை வெளியே விடப் பழக வேண்டும். இதை ராத்திரி மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "மூச்சை வெளியே விடறதுக்குத்தான் நானும் பணம் கட்டிப் படிக்கிறேன்" என்றாள். "எங்க குருஜிகிட்ட பாய் இருக்கு. யாரையும் தண்ணில தள்றதில்லை."

விழுந்தவரை மேலே ஏற்றுவதற்கும் முறை உண்டு. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு கழன்றுவிடும். லைஃப் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பற்றி, முழங்காலை விளிம்பில் ஊன்றி, ஒரு அமுக்கு அமுக்கி, ஆள் மேலே எழும்புகிற தருணத்தில் நாம் மல்லாக்க விழ வேண்டும். அவர் நம்மேல் வந்து விழுவார். பழகுவதற்கு எடையான ஆள் வேண்டும் என்றார் பைஜி. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மூவர் ஒருவனைப் பார்த்தார்கள். அந்த மதியம் முழுக்க நான் கங்கையில் மிதந்துகொண்டே இருந்தேன், பையன்கள் முறைவைத்து என்னை இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒல்லியான ஒருவன் கடைசியில் என்னைத் தன் நெஞ்சின்மேல் வாங்கிக்கொண்டு, "அங்கிள், ராத்திரி ரொட்டியைக் குறைங்க" என்றான்.

சீசன் உச்சத்தில் ஒரு காலை, பைஜி ஒரு குடும்பத்தைக் கைகாட்டி, "உங்க ஆளுங்க. நீங்களே பாருங்க. நான் பக்கத்து மூலையில இருப்பேன்" என்றார். பிரம்மபுரியிலிருந்து நீம் பீச்வரை, 9 கிலோமீட்டர். தொடக்கக்காரர்களும் குடும்பங்களும் போகிற பகுதி. வந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவர் மனைவி, மகன், மருமகள், கல்லூரியில் படிக்கிற பேத்தி, பேரன். சிவானந்தர் ஆசிரமத்தில் தங்கியிருந்தார்கள். சிவானந்தர் பிறந்தது பத்தமடையில். "எங்க ஊர்ப் பக்கத்துக்காரருல்லா" என்றார் வாத்தியார், கங்கையே அந்தப் பக்கத்து வாய்க்கால் என்கிற உரிமையோடு. நான் அவரைப் பெரியப்பா என்றும் அவர் மனைவியைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டேன். வேறெப்படிக் கூப்பிடுவது?

கரையில் வகுப்பெடுத்தேன். துடுப்பின் மேல்முனைக் கைப்பிடியை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. கங்கை உடைத்த பற்களைவிடப் பக்கத்து ஆளின் கைப்பிடி உடைத்த பற்கள் அதிகம். விழுந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, விரல்கள் தெரிய மிதக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்க்கவே கூடாது, கால் கல்லிடுக்கில் சிக்கினால் ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் எழுப்பினார்.

"லெஃப்ட் பேக்னா உங்க லெஃப்டா, எங்க லெஃப்டா?"

"எல்லாருமே முன்னாடி பார்த்துதான் உக்காரப்போறோம் பெரியப்பா. ஒரே லெஃப்டுதான்."

"அது சரி. எதுக்கும் கேட்டு வச்சுக்கிடுதேன்."

பெரியம்மா கையில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். கரையில் வைத்துவிட்டு வரலாமே என்றேன். "ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோகணும்லா. கரைத் தண்ணி எல்லாரும் கால் வச்சது. நடு ஆத்துல மோந்துக்கிடுதேன்" என்றார். விவாதத்துக்கு இடமில்லை. கேனைப் பைஜி வாங்கி, நடுக்குழாயோடு சேர்த்துக் கொக்கி மாட்டிக் கட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, பெரியம்மாக்களைத் தெரியும்.

யாரை எங்கே உட்காரவைப்பது என்பதில் பாதி வேலை முடிந்துவிடும். முன்னால் இருக்கிற இருவர் வலிக்கிற தாளத்துக்குத்தான் பின்னால் இருப்பவர்கள் வலிப்பார்கள். உடம்பை வளர்த்த ஜிம் ஆட்களை முன்னால் போட்டால் ஆளுக்கொரு வேகத்தில் தண்ணீரை அடிப்பார்கள், துடுப்போடு துடுப்பு மோதும். சொன்னால் கேட்கிறவர்களை முன்னால் போடு என்பது பைஜியின் பாடம். நான் பெரியம்மாவை முன் இடதிலும் மருமகளை முன் வலதிலும் போட்டேன். மகன் என்னைக் கவலையோடு பார்த்தார். ராஃப்ட்டைத் தள்ளி, ஃபார்வர்டு என்றேன்.

அப்படி ஒரு ஒத்திசைவை அந்த ஆற்றில் நான் பார்த்ததில்லை. ஒருவரையொருவர் திரும்பியே பார்க்கவில்லை. ஆனால் இரண்டு துடுப்பும் ஒரே நொடியில் இறங்கி, ஒரே நொடியில் எழுந்தன. முதலில் ஓய்ந்தது யார் என்ற பேச்சு வீட்டில் வந்துவிடக் கூடாது என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள். ஸ்டாப் என்று சொன்ன பிறகும் ஒருவர் நிறுத்துகிறாரா என்று மற்றவர் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள். பின்னால் மகன், "ம்ம், போடு, போடு, ஆழமாப் போடு" என்று பொதுவாக யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ராஃப்ட்டுக்கு ஒரு குரல்தான் இருக்க வேண்டும் என்றேன். "வீட்டுலயும் அவன் பேச்ச யாரும் கேக்கறதில்ல. நீங்க சொல்லுங்க தம்பி" என்றார் பெரியம்மா, திரும்பாமல்.

'டபுள் டிரபிள்' ரேபிட் தெரிந்தது. இரண்டு வரிசை அலைகள். எனக்குப் பழைய படபடப்பு தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் இவர்களிடம் கத்த வாய் வரவில்லை. பெரியம்மாவை நோக்கி ஹார்டு ஃபார்வர்டு என்று எப்படி அலறுவது? அந்தத் தயக்கமே நல்லதாகப் போயிற்று. கத்த வேண்டிய அவசியம் வராமல் இருக்க வேண்டுமென்று, எப்போதையும்விட மிக மேலேயே துடுப்பை விளிம்பில் அண்டக் கொடுத்து நெம்பினேன். மூக்கு, நாக்காக இறங்குகிற வழுவழுப்புக்கு நேரே வந்து நின்றது. சாதாரணக் குரலில், "ஃபார்வர்டு." நாலு வலி. "ஸ்டாப்."

சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் போய்விட்டது. முதல் அலை முன்னால் இருந்த இரண்டு பேரையும் முழுக்க நனைத்தது. பேத்தி கத்தினாள், பேரன் கத்தினான், மகன் எல்லாரையும்விட உரக்கக் கத்தினார். பெரியப்பா வாய்விட்டு, "பதினேழு வினாடி" என்றார். எதை அளந்தார் என்று தெரியவில்லை. இரண்டாவது வரிசை உள்ளே கொட்டி, தரையின் கயிற்று இடைவெளி வழியே வடிந்தது. பெரியம்மா குனிந்து கேனைப் பார்த்தார். அதை மூடியைத் திறந்த மேனிக்கே கட்டியிருந்தார்கள் போலிருக்கிறது. கால்வாசி நிறைந்திருந்தது.

"நான் மோக்கவே இல்ல. அவளே வந்து ஊத்திட்டுப் போயிட்டா" என்றார். மிச்சத்தை அமைதியான இடத்தில் மருமகள் பிடித்துக்கொள்ள, அவர் சாய்ந்து மொண்டார். அன்று இருவரும் சேர்ந்து பேசியதை நான் கேட்டது அப்போது மட்டும்தான். "மூடிய இறுக்கு" என்பது முழு உரையாடல்.

'ஹில்டன்' கொஞ்சம் சிரித்துக்கொண்டே கடந்தது. லட்சுமண் ஜூலாவுக்குக் கீழே போகும்போது பேரன் அண்ணாந்து படமெடுத்தான். பாதுகாப்பு இல்லையென்று 2019இல் மூடிய பழைய தொங்குபாலம் அது. "பாலத்தையே மூடிட்டானுவ, இந்த ரப்பர நம்பி நம்மள விட்டிருக்கானுவ" என்றார் பெரியப்பா. நீம் பீச்சில் மணலில் ஏற்றி நிறுத்தினோம். பெரியம்மா இறங்கி, ஆற்றைக் கும்பிட்டு, பிறகு போனால் போகிறதென்று ராஃப்ட்டையும் தொட்டுக் கும்பிட்டார்.

பெரியப்பா ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க பெரியப்பா."

"அங்கேருந்து இங்கவரைக்கும் நாங்கதான் மாங்கு மாங்குன்னு துடுப்பு போட்டுருக்கோம். நீங்க பின்னால உக்காந்து அப்பப்ப ரெண்டு வார்த்தை சொன்னதோட சரி. கணக்குப் பாத்தா நீங்கல்லா எங்களுக்குக் காசு தரணும்?"

பைஜி என் முழங்கையைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். வார்த்தைக்கு வார்த்தை இந்தியில் சொன்னேன். அவர் பெரியப்பாவை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்தார். சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஷிவ்புரியில இருந்து எடுங்க, அண்ணா" என்றார். "இப்போ காத்த இறக்குங்க. ஜீப் வந்தாச்சு."

நான் மணலில் மண்டியிட்டு வால்வைத் திறந்தேன். பெரியப்பா பக்கத்தில் வந்து குனிந்து, ரப்பர் சுருங்குவதை அக்கறையாகப் பார்த்தபடி கேட்டார்: "இதுல பென்ஷன் கின்ஷன் உண்டா?"